பேச்சுக்குப் பிணை

20 வருடங்களுக்கு மேலாகப் பிள்ளைகளுக்குப் பேச்சு எழுதிக் கொடுத்து வருகிறேன். தமிழ்மொழித் தினப் போட்டி, சுற்றாடல் தினம், மீலாத் விழா, ஒளி விழா என்று வருடம் முழுக்க ஏதாவதொரு மேடை காத்திருக்கும். எழுதிக் கொடுப்பது பாதி வேலைதான். பாடமாக்க வைத்து, எந்தச் சொல்லில் கை உயரவேண்டும், எந்த இடத்தில் குரல் தாழவேண்டும், எங்கே மூன்றுவரை எண்ணிக்கொண்டு மௌனமாக நிற்கவேண்டும் என்று பழக்குவது மீதி. இந்தக் கைப்பழக்கத்தை ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. தோற்றுத் தோற்றுப் பிடிபட்டது.

அண்மையில் பள்ளிமுனையில் ஒரு மீனவரின் மகளுக்குச் சுற்றாடல் பற்றி ஒரு பேச்சு எழுதினேன். பத்தாம் ஆண்டில் படிப்பவள். கணீரென்ற குரல். ஒரு மாலையில் ஊரின் பெருக்கமரத்தடியில் ஒத்திகை வைத்தோம். அரபு வணிகர்கள் கொண்டுவந்த விதையில் முளைத்தது என்று சொல்லப்படும் மரம் அது. சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். அதன்முன் நின்றால் யாரும் சிறியவராகத்தான் தெரிவோம். பிள்ளைகளின் குரல் அங்கே தானாக உயரும் என்பது என் அனுபவம்.

பேச்சின் உச்சக்கட்டமாக நான் ஓர் இடம் வைத்திருந்தேன். கடலைக் காக்க வந்தவர்கள் நாம், பேராசையால் தங்கூசி வலை வீசிக் கடலின் கருவறையை அழிப்பவர்களை நாம் மன்னிக்கமாட்டோம் என்று வரும். அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையால், குரல் உடையவேண்டும் என்று குறித்திருந்தேன். பிள்ளை அந்த இடத்துக்கு வந்ததும் நின்றாள்.

“சேர், இதில குரல் உடையவேணும் எண்டு போட்டிருக்கிறீங்க. எனக்கு அழுகை வருகுதில்லை.”

“பழகப் பழக வரும்” என்றேன்.

அவள் தாளைப் பார்த்தபடி நின்றாள். பிறகு கேட்டாள்: “எங்கட அப்பாவும் தங்கூசி வலைதான் போடுறவர். இந்த ‘நாம்’ எண்டதுக்குள்ள நான் நிக்கலாமா சேர்?”

சட்டம் தடைசெய்த வலை அது. அவளுடைய அப்பா அதைப் பாவிக்கிறார் என்பது எனக்குத் தெரியாத விசயமுமல்ல. ஆனால் எழுதும்போது அவர் என் நினைவுக்கு வரவில்லை. கைதட்டு எங்கே விழும் என்ற கணக்குத்தான் இருந்தது. அன்று ஒத்திகையை அத்துடன் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்தக் கேள்வி கூடவே வந்தது. நல்ல காரியத்துக்காக ஒருவர் மனத்தை அசைக்கும் வித்தையைப் பாவிப்பது எந்த எல்லைவரை ஆகும்? அதை ஒரு பிள்ளையின் வாயில் வைத்துப் பேசவைக்கும் உரிமை யாருக்கு உண்டு? இக்கட்டுரை அந்த இரவிலிருந்து தொடங்கியது.

*

அந்தப் பேச்சை நான் வெறுமனே எழுதவில்லை. எனக்கொரு முன்மாதிரி இருந்தது. 2021 நவம்பர் 2ஆம் திகதி, ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் என்ற 15 வயது மாணவி பேசினாள். இந்தியப் பிரதமர், பிரித்தானியப் பிரதமர், அமெரிக்க ஜனாதிபதி முதலானோர் கலந்துகொண்ட நிகழ்வு அது. தன் தெருவில் தள்ளுவண்டி வைத்துத் துணி தேய்ப்பவர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்து, சூரிய ஒளியில் இயங்கும் வண்டியொன்றைத் தன் 12ஆவது வயதில் வடிவமைத்தவள் அவள். அதற்காக எர்த்ஷொட் விருதின் இறுதிச் சுற்றுவரை வந்தாள். அந்த விருதை நிறுவிய இளவரசர் வில்லியமின் அழைப்பில் கிளாஸ்கோ மேடைக்குப் போனாள்.

அப்பேச்சைக் கைத்தொலைபேசியில் பல தடவை கேட்டேன். ஆசிரியன் என்ற முறையில், அதன் மூட்டுகளைக் கழற்றிப் பார்த்தேன் என்றே சொல்லவேண்டும்.

முதலாவது, அவள் கோபத்தைக் கையாளும் விதம். என் தலைமுறையினர் பலர் வெற்று வாக்குறுதிகளால் கோபமடைந்திருக்கிறார்கள், கோபப்பட எல்லாக் காரணமும் உண்டு, ஆனால் எனக்குக் கோபப்பட நேரமில்லை, நான் செயற்பட விரும்புகிறேன் என்ற கருத்தில் பேசுகிறாள். குற்றச்சாட்டு முழுவதும் சபையில் வைக்கப்பட்டுவிடுகிறது. வைத்தவளின் முகமோ சாந்தமாக இருக்கிறது. கேட்பவன் தற்காப்புக்குக் கையை உயர்த்த இடமில்லை. இரண்டாண்டுகளுக்கு முன், 2019 செப்டெம்பரில், நியூயோர்க்கில் சுவீடனின் கிரேட்டா துன்பர்க் இதற்கு நேரெதிரான வழியைக் கையாண்டாள். கோபத்தை மறைக்காமல், உங்களுக்கு எவ்வளவு துணிவு என்று தலைவர்களின் முகத்துக்கு நேரே கேட்டாள். 1992இல் றியோ டி ஜெனெய்ரோ மாநாட்டில் கனடாவின் செவெர்ன் கலிஸ் சுசுக்கி என்ற 12 வயதுச் சிறுமி பேசியது இன்னொரு வகை. குழந்தைகளுக்கு வீட்டில் நீங்கள் கற்பிக்கும் ஒழுக்கங்களை நீங்களே ஏன் மீறுகிறீர்கள் என்பது அவள் கேள்வி. மூவரும் சிறியவர்கள் என்பதே மூவருக்கும் முதல் பலம். பெரியவர்களின் சபையில் பிள்ளையொன்று எழுந்தால், அது வாய் திறக்கு முன்பே சபைக்கு வெட்கம் வந்துவிடுகிறது.

இரண்டாவது, தன்னை அறிமுகப்படுத்தும் முறை. தான் வெறும் இந்தியப் பெண் மட்டுமல்ல, இப்பூமியின் பெண் என்கிறாள். பிறகு மாணவி, கண்டுபிடிப்பாளர், சூழல் ஆர்வலர், தொழில்முனைவோர் என்று அடுக்கிச் சென்று, எல்லாவற்றுக்கும் மேலாக நம்பிக்கையுள்ளவள் என்று முடிக்கிறாள். ஒவ்வொரு சொல்லும் ஒரு படி. கடைசிப் படியில் கேட்பவனும் கூட நிற்கிறான்.

மூன்றாவது, அழைப்பு. எங்களோடு சேருங்கள், பழைய சிந்தனையைக் கைவிடுங்கள் என்கிறாள். உடனேயே, நீங்கள் வராவிட்டாலும் நாங்கள் வழிநடத்துவோம், நீங்கள் தாமதித்தாலும் செயற்படுவோம் என்று ஒரே வாய்பாட்டில் அடுக்குகிறாள். கலியாணத்துக்கு அழைத்துவிட்டு, நீங்கள் வராவிட்டாலும் நிக்காஹ் நடக்கும் என்று சொல்வது போன்ற அழைப்பு. வராமல் இருப்பவனுக்குத்தான் கூச்சம். பின்னர் மறுபடியும் பணிவாக, தயவுசெய்து ஏற்றுக்கொள்ளுங்கள் என்று முடிக்கிறாள்.

பேசுபவர்மீதுள்ள நம்பிக்கை, கேட்போரின் உணர்ச்சி, பேச்சின் நியாயம் என்று அரிஸ்டோட்டில் வகுத்த மூன்றும் ஐந்து நிமிடத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன. நானும் அவற்றையே எடுத்துக்கொண்டேன். கிளாஸ்கோ என்ற இடத்தில் மன்னார் என்றும், கரி என்ற இடத்தில் தங்கூசி வலை என்றும் போட்டேன். வடிவம் அச்சாகப் பொருந்தியது. பிறகு எங்கே பிழைத்தது?

*

பேச்சு வித்தை பற்றி நம் மரபில் அச்சமும் உண்டு, மரியாதையும் உண்டு. கிழக்கிலிருந்து வந்த இருவர் பேசிய பேச்சில் மக்கள் சொக்கிப்போனபோது, பேச்சிலும் ஒருவகைச் சூனியம் இருக்கிறது என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக ஹதீஸ் உண்டு. அது பாராட்டா எச்சரிக்கையா என்று அறிஞர்கள் இரண்டு விதமாகவும் விளங்கிக்கொண்டார்கள். இரண்டும்தான் என்று எனக்குப் படுகிறது.

இன்னொரு ஹதீஸ் இதைவிடக் கடுமையானது. வழக்குக் கொண்டு வருபவர்களில் ஒருவர் மற்றவரைவிட வாதத்திறன் மிக்கவராக இருக்கலாம், நான் கேட்டதைக் கொண்டே தீர்ப்பளிக்கிறேன், அவ்வாறு ஒருவருக்கு அவருடைய சகோதரரின் உரிமையைக் கொடுத்துவிட்டால் அது நெருப்பின் ஒரு துண்டு என்ற கருத்தில் நபியவர்கள் எச்சரிக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். தீர்ப்பளிப்பவர் அல்லாஹ்வின் தூதர். ஆனாலும் திறமையான வாய் அங்கேயும் வெல்லக்கூடும். வென்றது வாய், எரியப்போவதும் அந்த வாய்க்குச் சொந்தக்காரன். போட்டிகளில் வென்று நான் வீட்டுக்குக் கொண்டுவந்த கேடயங்களை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இதை வைத்து, பேச்சுத்திறனே கூடாது என்று முடிவுகட்ட முடியாது. பிர்அவ்னிடம் போகுமாறு பணிக்கப்பட்டபோது மூஸா (அலை) அவர்கள் படையையோ பொருளையோ கேட்கவில்லை. என் நாவின் முடிச்சை அவிழ்த்துவிடு, அவர்கள் என் பேச்சை விளங்கிக்கொள்ளட்டும் என்றுதான் கேட்டார்கள். தம்மைவிடத் தெளிவாகப் பேசும் சகோதரர் ஹாரூனை (அலை) உடன் அனுப்பும்படியும் வேண்டினார்கள். எதற்காக? தம்மை உண்மைப்படுத்தும் துணையாக. அழகாகப் பேசுவது ஹாரூனுக்குரிய பணி. அந்த அழகு நின்றதோ மூஸா நேரில் கண்ட ஓர் உண்மையின்மீது. அந்த ஒழுங்கு மாறக்கூடாது என்பதே அங்கிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம்.

ஞானத்தைக் கொண்டும், அழகிய உபதேசத்தைக் கொண்டும், மிக நல்ல முறையில் விவாதித்தும் அழைக்குமாறு திருமறை சொல்கிறது. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு ருஷ்த் இந்த மூன்றையும், மனிதர்கள் ஒன்றை ஏற்றுக்கொள்ளும் மூன்று வழிகளோடு பொருத்திக் காட்டினார். சிலர் நிரூபணத்தால் ஏற்பர், சிலர் தர்க்கத்தால், பெரும்பாலோர் மனங்கொள்ளச் சொல்லும் பேச்சால். ஆகவே பேச்சுக்கலை தாழ்ந்தவர்களின் தந்திரமல்ல. மனித இயல்பை அறிந்து அதற்கு இடம்கொடுப்பதுதான். காலநிலை பற்றிய விஞ்ஞானிகளின் அறிக்கைகளைப் பள்ளிமுனையில் எத்தனை பேர் வாசித்திருப்போம்? ஒரு பிள்ளையின் ஐந்து நிமிடப் பேச்சுத்தான் நம்மில் பலருக்கு அந்த அறிக்கை.

வித்தை பாவம் அல்ல. அப்படியானால் பிழை வேறெங்கோ இருக்கிறது. அந்தப் பிள்ளை அதைச் சரியாகத் தொட்டுவிட்டாள்: ‘நாம்’ என்ற சொல்லில்.

*

சுற்றாடல் பேச்சுகளில் மிகவும் வலிமையான சொல் இதுதான். ‘நமது பூமி’, ‘நமது கடல்’, ‘நமது காடு’. கேட்பவனை அணைத்துக்கொள்ளும் சொல். அதேவேளை, ஓசையில்லாமல் யாரையோ வெளியே நிறுத்தும் சொல்லும்கூட.

நான் இந்தியப் பெண் மட்டுமல்ல, பூமியின் பெண் என்பதை கிளாஸ்கோவில் கேட்டவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். பள்ளிமுனைக் கரையில் நின்று கேட்டால் வேறு மாதிரி ஒலிக்கிறது. இங்கே கடல் பொதுவானதல்ல. 1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட கோடு அதில் இருக்கிறது. இரவில் அக்கோட்டைத் தாண்டி வரும் இராமேஸ்வரம் பக்கத்து இழுவைப் படகுகள் கடலடியை வாரிக்கொண்டு போகின்றன; போகிற வழியில் நம்மவர்களின் வலைகளையும் அறுத்துக்கொண்டு போகின்றன. அடியிழுவை மடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. ஆனாலும் வலை அறுவது நின்றபாடில்லை. அக்கரையில் படகேறுபவனும் கூலிக்குப் போகும் ஏழைத் தமிழன்தான். அவனையும் நம்மையும் ஒரு சொல்லில் அடக்க ‘பூமியின் பிள்ளைகள்’ என்று சொல்லலாம்; பொய்யில்லை. ஆனால் வலை அறுந்தவனுக்கு அந்தச் சொல்லில் ஒரு முழம் நூல்கூட இல்லை.

நம் சமூகத்துக்கு இதைவிடக் கசப்பான ஓர் அனுபவம் உண்டு. 1990 ஒக்டோபர் கடைசியில் மன்னார்த் தீவில் ஒலிபெருக்கி அறிவித்தது. நாங்கள் கரைக்கு நடந்தோம். வள்ளங்களில் கற்பிட்டிப் பக்கம் போய் இறங்கினோம். எனக்கு அப்போது பத்து வயது. அந்த ஒலிபெருக்கிக்கு எந்தப் பேச்சுக்கலையும் தேவைப்படவில்லை. துப்பாக்கி இருப்பவனுக்கு மனதை அசைக்கும் தேவை இல்லை. பேச்சுக்கலையை இன்றைக்கும் நான் மதிப்பதற்கு அந்த நாளும் ஒரு காரணம். ஒருவன் என்னை இணங்கவைக்க மெனக்கெடுகிறான் என்றால், மாட்டேன் என்று சொல்லும் உரிமை எனக்கு இருப்பதை அவன் ஒப்புக்கொள்கிறான் என்று பொருள்.

நாங்கள் இல்லாத இரண்டு தசாப்தங்களில் முசலிப் பக்கத்து முஸ்லிம் கிராமங்களைக் காடு மூடியது. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி ஊர்களின் நிலங்களும் உள்ளடங்க, 2012இல் அப்பகுதிகள் ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் வந்தன. மக்கள் திரும்பி வந்து பற்றையை வெட்டியபோது, 2015இல் நாடெங்கும் ‘வில்பத்தைக் காப்போம்’ என்ற குரல் எழுந்தது. அதில் உண்மையாகவே காட்டை நேசித்த இளைஞர்கள் பலர் இருந்தார்கள். அழகாகப் பேசினார்கள். அவர்களுடைய ‘நமது காடு’ என்ற சொல்லுக்குள் யானை இருந்தது, மயில் இருந்தது, நாளைய சந்ததி இருந்தது. 22 வருடம் அகதி முகாமில் ஓலைக்குடிசையில் கிடந்தவனுக்கு மட்டும் இடம் இருக்கவில்லை. அதற்கு மறுபக்கம், நம்முடைய மேடைகளிலும் ஒரு ‘நாம்’ ஒலித்தது. அதற்குள் மரங்களுக்கு இடம் இருக்கவில்லை. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், கல்லாறு வனப்பகுதியில் வெட்டப்பட்டதற்கு ஈடாக மரம் நடும் செலவை ஒரு முன்னாள் அமைச்சரே ஏற்கவேண்டும் என்று தீர்ப்பளித்ததையும் நாம் மறைக்கக்கூடாது. இரண்டு தரப்பும் உணர்ச்சியோடு பேசின. இரண்டிலும் பாதி உண்மை இருந்தது. எதிர்த்தரப்பின் முற்றத்தில் போய் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டுப் பேசியவர்கள்தாம் மிகச் சிலர்.

இப்போது காற்றாலைக் காலம். 2020 டிசம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாடிகளோடு தம்பபவனி திறக்கப்பட்டது. மேலும் காற்றாலைகள் வேண்டாம் என்று 2025 ஓகஸ்டில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்திவைத்தார். செப்டெம்பர் கடைசியில் பொலிஸ் பாதுகாப்போடு பாகங்கள் கொண்டுவரப்பட்டபோது முரண்பாடு வெடித்தது. நிலக்கரியை எரிக்காத மின்சாரம் வேண்டும் என்பது சுற்றாடல் பேச்சு. வலசைப் பறவைகளின் வழியில், மழைவெள்ளம் வடியாத மணல்தீவில் இதை நடாதீர்கள் என்பதும் சுற்றாடல் பேச்சுத்தான். அந்நாட்களில் பாடசாலை விவாதமொன்றுக்கு இரண்டு பக்கத்துக்கும் நானே எழுதிக் கொடுத்தேன். இரண்டும் நன்றாக வந்தன. இரண்டுக்கும் கைதட்டு விழுந்தது. அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. விவாதம் ஒரு பயிற்சி, அதில் தவறில்லை. ஆனால் எந்தப் பக்கம் உன் மனது ஒப்புகிறது, அதற்கு என்ன பார்த்தாய் என்று ஒரு பிள்ளையிடமும் நான் கேட்கவில்லை.

*

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணைநின்ற படலம் நம் எல்லோருக்கும் தெரிந்ததே. வேடனிடம் அகப்பட்ட பெண்மான், தன் குட்டிக்குப் பாலூட்டிவிட்டு வருவதாக நபிகள் நாயகத்திடம் (ஸல்) முறையிடுகிறது. நபியவர்கள் வேடனிடம் அதற்குப் பிணை நிற்கிறார்கள். மான் போகிறது, சொன்னபடி குட்டியோடு திரும்பி வருகிறது. வேடனின் மனம் மாறுகிறது. சிறுவயதில் புத்தளத்து அகதி முகாமில் என் பாட்டனார் இக்கதையைச் சொல்வார். மான் திரும்பி வந்ததுதான் எனக்கு அப்போது அதிசயம். இப்போது வேறொன்று கண்ணில் படுகிறது. மானின் முறையீடு உருக்கமானது. ஆனாலும் வேடன் அந்த உருக்கத்துக்காக அதை அவிழ்த்துவிடவில்லை. ஒருவர் பொறுப்பு நின்றார். மான் வராவிட்டால் பதில் சொல்லவேண்டியவர் அவர். அதனால்தான் கட்டு அவிழ்ந்தது.

சுற்றாடலுக்காகப் பேசுபவன் வாயில்லாதவற்றுக்காகப் பேசுகிறான். கடலுக்காக, மரத்துக்காக, இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்காக. அதாவது, பிணை நிற்கிறான். எனவே அப்பேச்சை உரைத்துப் பார்க்கும் கல், அது உருக்கமாக இருக்கிறதா என்பதல்ல. சொன்ன சொல்லுக்கு யார் பொறுப்பு என்பதே. சொல்பவர் தன் கண்ணால் கண்டாரா? பேச்சினால் பாதிக்கப்படுபவன் எழுந்து கேள்வி கேட்டால் அவனுக்குப் பதில் உண்டா? கைதட்டு ஓய்ந்த பிறகு, அவர் தன்னுடையது எதையாவது பணயம் வைத்திருக்கிறாரா?

இந்தக் கல்லில் வினிஷாவின் பேச்சை உரைத்தால் அது தேறுகிறது. கோபப்பட நேரமில்லை என்பது கேட்க அழகாக இருக்கலாம். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு வண்டி நிற்கிறது. கரி கொட்டப்பட்டதைப் பார்த்த ஒரு தெரு இருக்கிறது. இன்னொன்றும் முக்கியம். துணி தேய்ப்பவரைக் குற்றவாளி ஆக்காமல், அவருடைய பிழைப்பு கெடாத ஒரு வழியை முதலில் செய்துவிட்டுத்தான் அவள் மேடைக்கு வந்தாள். நான் அவளிடமிருந்து அடுக்குமொழியை எடுத்துக்கொண்டேன், வண்டியை விட்டுவிட்டேன். என் பேச்சில் தங்கூசி வலைக்காரனுக்குச் சாபம் இருந்தது. அவன் நாளைக்கு எதைக்கொண்டு கடலுக்குப் போவான் என்பதற்கு ஒரு வரி இல்லை.

பிணை பேசியவருக்கு மட்டும் உரியதுமல்ல. கிளாஸ்கோவில் எழுந்து கைதட்டியவர்களின் மாநாடு நவம்பர் 13ஆம் திகதி முடிந்தது. இறுதி நேரத்தில், நிலக்கரி மின்சாரத்தைப் படிப்படியாக ‘ஒழிப்பது’ என்றிருந்த சொல், இந்தியாவும் சீனாவும் வற்புறுத்தியதில் படிப்படியாகக் ‘குறைப்பது’ என்று மாற்றப்பட்டது. மாநாட்டுத் தலைவர் அலோக் ஷர்மா சபையில் மன்னிப்புக் கேட்டுக் குரல் தழுதழுத்தார். இந்தியாவின் வாதத்திலும் நியாயம் இல்லாமலில்லை. எண்ணெயும் எரிவாயுவும் எரித்துச் செல்வந்தரான நாடுகள், பிந்தி வந்த ஏழையின் கரியை மட்டும் ஏன் பெயர் சொல்லவேண்டும்? ஆனால் கரிக்கு மாற்றுச் செய்துகாட்டிய சிறுமிக்குக் கைதட்டி 11 நாள்தான் ஆகியிருந்தது. கைதட்டுவது மிக மலிவான சம்மதம். சில வேளை அது சம்மதத்துக்குப் பதிலாகவே கொடுக்கப்படுகிறது. பிள்ளைகளைப் பேசவைத்து மனம் உருகிவிட்டால், கடமை முடிந்தது போன்ற ஒரு நிறைவு வந்துவிடுகிறது. பெரியவர்கள் பிள்ளைகளை மேடையேற்றுவதில் உள்ள ஆபத்து இதுதான். கிளாஸ்கோவுக்கும் இது பொருந்தும். என் பாடசாலை மண்டபத்துக்கும் பொருந்தும்.

*

மறுநாள் அந்தப் பிள்ளையிடம் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். “உங்கட அப்பாவிட்ட கேள். ஏன் அந்த வலை எண்டு கேள். அவர் சொல்லுறதை எழுதிக்கொண்டு வா” என்றேன். நான்கு நாள் கழித்து வந்தாள். கொப்பியில் ஒன்றரைப் பக்கம்.

அதில் கருவறையும் இல்லை, கண்ணீரும் இல்லை. அப்பா முன்பு நல்ல வலைதான் வைத்திருந்தார். ஓரிரவில் இழுவைப் படகு அதை அறுத்துக்கொண்டு போய்விட்டது. தங்கூசி வலை விலை குறைவு, மீனும் நன்றாகப் படும். அதில் குஞ்சு மீனும் படுவது அப்பாவுக்குத் தெரியும். அறுந்து கடலில் கிடக்கும் தங்கூசி ஆளில்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும் என்பதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: என் அப்பா கெட்டவர் இல்லை, ஆனால் அந்த வலை கெட்டது, இரண்டையும் ஒன்றாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இதையே பேசு என்றேன். இலக்கணத்தை மட்டும் திருத்தினேன். அப்பாவிடம் அனுமதி கேட்கச் சொன்னேன், தலையாட்டினார் என்றாள். போட்டியில் அவளுக்கு இடம் எதுவும் கிடைக்கவில்லை. உணர்ச்சி போதாது என்று ஒரு நடுவர் என்னிடம் சொன்னார். ஒரு வருடத்துக்கு முன்பென்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு அவளுடைய அப்பா என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரச்சொன்னேன். கதிரையின் நுனியில் இருந்தார். தேத்தண்ணி குடித்து முடியும்வரை காற்றைப் பற்றியும் மழையைப் பற்றியும் கதைத்தார். பிறகு சொன்னார்:

“மகள் பேசினதைக் கேட்டனான் சேர். வலையை மாத்தத்தான் வேணும். கையில காசில்லை. பாங்கில கேட்டால் பிணைக்கு அரசாங்க உத்தியோகத்தர் வேணுமாம்.”

வங்கிக் கடன் என்றால் வட்டி. அதில் என் கையெழுத்து விழமுடியாது என்பதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்தார். “எனக்கும் வட்டி வேண்டாம் சேர்” என்றார். மன்னார் பஸாரில் வலை விற்கும் எங்கள் உறவினர் ஒருவர் தவணைக்குக் கொடுப்பதுண்டு. தவணை தவறினால் கட்டுவதற்கு ஒருவர் பொறுப்பு நிற்கவேண்டும். இருவரும் அங்கே போனோம். கடைக்காரர் கொப்பியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

கையெழுத்திட முன் தயங்கினேன் என்பதை ஒளிக்கப்போவதில்லை. என் சம்பளம் எவ்வளவு, வீட்டுச் செலவு எவ்வளவு, இந்த முறையும் வலை அறுந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் மனம் கணக்குப் போட்டது. 20 வருடமாகக் கடலைப் பற்றி எத்தனை பேச்சு எழுதியிருப்பேன்? ஒன்றுக்குக்கூட இப்படிக் கைநடுங்கியதில்லை. ஒரு வலை மாறினால் கடல் மாறிவிடாது. பக்கத்து வள்ளத்தில் தங்கூசி இருக்கத்தான் செய்கிறது. அதுவும் எனக்குத் தெரியும்.

கையெழுத்திட்டேன். இதுவரை இரண்டு தவணை ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்.

பழைய பேச்சு இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது, சிவப்பு மைக் குறிப்புகளோடு. வேறொரு பாடசாலை ஆசிரியர், தன் மாணவி ஒருத்திக்கு அதைத் தரமுடியுமா என்று கேட்டிருக்கிறார். நிச்சயம் முதலிடம் எடுக்கும் பேச்சு. அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.